களம்பூரில் அள்ளிய மண்

மாணிக்கவேல் தன் சாயப்பட்டறையை ஊருக்கு வெளியே கொண்டுபோனது தொண்ணூற்றொன்றாம் வருஷம். அதுவரை ஆரணியில் நெசவாளர் தெருவிலேயே, வீட்டுப் பின்கட்டில் மூன்று தொட்டி வைத்துத் தொழில் செய்துகொண்டிருந்தார். தெருச் சாக்கடை ஒரு நாள் அரக்காகவும் ஒரு நாள் கிளிப்பச்சையாகவும் ஓடுகிறது என்று அண்டை வீட்டார் நித்தமும் சண்டைக்கு வந்தார்கள். களம்பூர் போகிற சாலையில், ஏரிக்குக் கீழே ஓர் இடம் அமைந்தது. நல்ல கிணறு. பின்பக்கம் ஏரிக்கால்வாய். கழிவுத் தண்ணீரை எங்கே விடுவது என்று அவர் யோசிக்கவே இல்லை. கால்வாய்தான் இருக்கிறதே.

அந்தக் கால்வாய் கடைசியாகப் போய்ச் சேருகிற நிலம் அமலியுடையது. ஒன்றரை ஏக்கர். புருஷன் காமாலையில் போனபிறகு, பள்ளிக்கூடம் போகும் மகள் டயானாவை வைத்துக்கொண்டு, ஏர் பிடிப்பது தவிர மற்ற எல்லா வேலையையும் தானே செய்துவந்தாள். குரல் கொஞ்சம் பெரிது. வயலில் நின்று பேசினால் பட்டறையில் கேட்கும்.

பட்டறைக்குப் பூசை போட்ட அன்றைக்கே அவள் வரப்பேறி வந்து பார்த்தாள். மாணிக்கவேல் மரியாதைக்கு, "ஒன்னுது இன்னா மண்ணும்மா?" என்று கேட்டு வைத்தார்.

"எந்த வயலக் கேக்கறீங்க? மூணு வயலு, மூணு மண்ணுண்ணா" என்றாள் அமலி. "மேல கீறது சரளை. தண்ணி நிக்காது, வேர்க்கடலை போட்டுக்கலாம். நடுவுல செவ்வல். எரு போட்டீங்கன்னா புடிச்சுக்கும், போடலன்னா மொறைச்சுக்கும். கீழ் வயலுதான் வண்டல். ஏரி மண்ணு எறங்கி எறங்கி வந்தது. புடிச்சுப் பாருங்க."

அவள் கொண்டுவந்து கொடுத்ததை அவர் கையில் வாங்கினார். ஈரமான மண், பிசைந்த மாவைப்போல் உள்ளங்கையில் உருண்டது. ஆயுசு முழுக்க நிறத்தோடு பழகியவர் ஆனதால், அதில் கறுப்பும் செம்மையும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்றுதான் அவர் மனசு கணக்குப் போட்டது. நல்ல நிறம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

கச்சாப் பட்டு அப்படியே சாயம் பிடிக்காது. சோப்பும் சலவைச் சோடாவும் கரைத்த கொதிநீரில் அவித்து, நூலின்மேல் உள்ள பசையை எடுத்தால்தான் மினுக்கம் வரும். அண்டா அண்டாவாக அந்தத் தண்ணீர் கால்வாயில் இறங்கியது. ஏரியில் நீர் இருக்கிற மாதங்களில் அது கலந்து போய்விடும். கோடையில் ஏரி வற்றிவிட்டால் கால்வாயில் ஓடுவது மாணிக்கவேலின் பட்டறைத் தண்ணீர் மட்டும்தான். அமலி அதையும் வீணாக்காமல் கீழ் வயலுக்குத் திருப்பிக்கொண்டாள்.

"இது பாயலாமாண்ணா? நொரையா வருது" என்று ஒரு தடவை கேட்டாள்.

"சோப்புத் தண்ணிதான, இன்னா பண்ணப்போவுது? பூச்சி சாவும். நல்லதுதான்" என்றார் அவர்.

தெரிந்து சொன்ன பொய் அல்ல அது. அப்போது அவருக்குத் தெரியாது. அந்த ஒரு பதிலுக்காகத் தன்னை மன்னித்துக்கொள்ள அவர் பின்னாளில் எத்தனையோ முறை முயன்றிருக்கிறார். அதற்கு அடுத்து வந்தவற்றுக்குத்தான் எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.

தொண்ணூற்றாறில் கீழ் வயல் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. பாய்ச்சிய தண்ணீர் நாலு நாளானாலும் உள்ளே இறங்காமல், தெளியாமல், கலங்கிய மோர்போல் நின்றது. வற்றியதும் மேலே பொறுக்குத் தட்டியது. ஏர்க்கொழு இறங்கவில்லை. நட்ட நாற்று திட்டுத் திட்டாக மஞ்சளாகிக் கருகியது. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யூரியாவை அள்ளிக் கொட்டியதால் என்றார் ஒருவர். போர் ஆழமாகப் போட்டு உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது என்றார் இன்னொருவர். மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்றிருப்பாள் என்றுகூட ஒரு பேச்சு வந்தது. அமலி ஒரு கூடை மண்கூட விற்றவள் அல்ல.

அடுத்த வருஷம் சாயப்பட்டறைக்காரர்களைக் கூட்டி வைத்து ஓர் அதிகாரி பேசினார். சோடாவும் சோப்பும் கலந்த நீர் தொடர்ந்து பாய்ந்தால் நல்ல நிலம் களராகிப் போகும், மண்ணின் துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து காற்றும் நீரும் போகிற துளையெல்லாம் அடைபட்டுவிடும், மேலே தண்ணீர் நிற்கும், அடியில் வேர் தாகத்தில் சாகும் என்றார். அமலியின் வயலில் நிற்பது போலவே, கலங்கிய மோர் மாதிரி நிற்கும் என்றும் சொன்னார். மாணிக்கவேல் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். விவசாயிகள் மனுக் கொடுத்தால் பட்டறையை மூடி முத்திரை வைத்துவிடுவார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் கிசுகிசுத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவி அபிதகுசாம்பாளிடம் கூட்டத்தில் காப்பி நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

தொண்ணூற்றெட்டு சித்திரையில் அமலி பட்டறை வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை, அரைக் கிலோ கனம். வேளாண்மை ஆபீசில் சொல்லிக் கொடுத்தபடி செய்திருந்தாள். கீழ் வயலில் பத்து இடத்தில் மேல்குப்பையைத் தள்ளிவிட்டு, 'வி' மாதிரி குழி வெட்டி, ஒரு சாண் ஆழம்வரை ஓரமாகச் செதுக்கி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, நிழலில் உலர்த்திய மண். பை வாயில் ஓர் அட்டை கட்டியிருந்தது. பெயர், சர்வே நம்பர், முன்பு வைத்த பயிர் எல்லாம் டயானாவின் குண்டுக் கையெழுத்தில்.

"நாளைக்குத் திருவண்ணாமலை போறீங்கன்னு அக்கா சொன்னாங்க. மண்ணு டெஸ்ட் பண்ற எடத்துல இதக் குடுத்துட்டு வந்துடறீங்களாண்ணா? இங்க நடவு. என்னால நகர முடியல."

"குடும்மா. இதுல இன்னா கீது."

மறுநாள் காலை பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மண் பேசிவிடும் என்பது அவருக்குத் தெரியும். சோடாவைக் காட்டிக் கொடுத்துவிடும். சோடா வேறு எங்கிருந்து வரும்? பட்டறையில் வேலை செய்கிற நாலு குடும்பத்தை நினைத்தார். வாசலில் முத்திரை வைப்பதை நினைத்தார். களம்பூரில் பஸ் நின்றபோது, ஏதோ மறந்துவிட்டவர்போல் அவசரமாக இறங்கினார்.

ரைஸ்மில்களைத் தாண்டி நடந்தார். உழுது போட்டிருந்த ஒரு வயல் வந்தது. ஏறக்குறைய அதே நிறம். நிறத்தில் அவர் தவற மாட்டார். ஆள் அரவம் இல்லாததைப் பார்த்துக்கொண்டு வரப்போரம் மண்டியிட்டார். அமலியின் மண்ணை வாய்க்காலில் கொட்டினார். பத்து இடமும் இல்லை, குழியும் இல்லை. இரண்டு கையாலும் அள்ளிப் பையில் போட்டு, டயானா எழுதிய அட்டையை மறுபடியும் ஒழுங்காகக் கட்டினார். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார்.

முடிவு வந்த அன்று அமலி தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "கார அமில நிலை ஏழு புள்ளி ரெண்டாம். உப்பு கெடையாதாம். ரொம்ப நல்லா கீதாம்!" அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "மண்ணு மேல தப்பு இல்லன்னா, அப்ப தப்பு என் கையிலதான் கீது."

மாணிக்கவேல் கொதிக்கிற அண்டாவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

களரைத் திருத்துகிற ஜிப்சம் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. எப்படி இருக்கும்? களம்பூர் வயலுக்கு அது தேவைப்படவில்லை. அமலி அதில் இருந்தபடி உரம் போட்டாள். அதே தண்ணீரைப் பாய்ச்சினாள். பயிர் கருகியது. ஊரில் பேச்சு மாறியது. மண் நல்லா இருக்கு என்று சர்க்காரே எழுதிக் கொடுத்த பிறகும் விளையவில்லை என்றால் அவள் கைராசி அப்படி என்றார்கள். புருஷனை முழுங்கிய கை என்று ஒருத்தி குழாயடியில் சொன்னாள். அதுவரை அக்கம்பக்கத்து வயல்களில் நடவு நடக்கும்போதெல்லாம் முதல் வரிசையில் நின்றவள் அமலி. மெல்ல மெல்ல அவளைக் கூப்பிடுவது நின்றது. பிறகு அவளே தன் வயலில் நாற்றைத் தொடுவதை நிறுத்தினாள்.

இரண்டாயிரத்தில் நடந்ததை மாணிக்கவேல் பட்டறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். கைராசிக்காரி என்று பேர் எடுத்த ரங்கம்மாளை அமலி வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து வந்திருந்தாள். ரங்கம்மாள் சேற்றில் இறங்கி முதல் நாற்றை ஊன்றினாள். அமலி வரப்பில், கையிரண்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். தன் பார்வை பட்டால்கூட ஆகாது என்பதுபோல முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தாள். அவள் பெரிய குரல் அன்றைக்குக் கேட்கவே இல்லை.

அந்த நாற்றும் இருபது நாளில் போயிற்று.

அதற்குப் பிறகு அவள் கீழ் வயலைத் தரிசாகப் போட்டுவிட்டாள். மேல் வயலின் வேர்க்கடலை அரைவயிற்றுக்குத்தான் வரும். களம்பூர் ரைஸ்மில் ஒன்றில் புழுங்கல் நெல் உலர்த்துகிற வேலைக்குத் தினமும் பஸ் ஏறினாள். வீட்டை விற்கவில்லை, நிலத்தையும் விற்கவில்லை. கேட்டவர்களிடம், "கெட்டுப்போனது நிலம் இல்லயே, நான்தான. அத எதுக்கு விக்கணும்?" என்று சொன்னதாக அபிதகுசாம்பாள் வந்து சொன்னாள். சொல்லிவிட்டுக் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாணிக்கவேலுக்குச் சோறு இறங்காமல் போனது அந்தக் காலத்தில்தான். சாயத்தில் நூலை முறுக்கும்போது கை பிசகியது. ஒரு முகூர்த்தப் புடவைக்கான பட்டு முழுவதும் திட்டுத் திட்டாகப் பிடித்து வீணானது. கோயிலுக்குப் போனால் சந்நிதியில் நிற்க முடியவில்லை. மண் பட்ட கையோடு நிற்பதுபோல் இருந்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அமலி வீட்டுத் தெரு முனைவரை போய்த் திரும்பினார். ஒரு தடவை டயானா எதிரே வந்து, "வாங்க மாமா" என்றாள். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

கடைசியில் வாயைத் திறந்தது மனைவியிடம். இரண்டாயிரத்து மூன்று, மாசி மாதம், மத்தியானம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அபிதகுசாம்பாள் அழவில்லை, அதிர்ச்சியும் அடையவில்லை.

"தெரியும்" என்றாள். "அன்னிக்கி நீங்க திரும்பி வரும்போது வேட்டியில ரெண்டு முட்டியும் வயல் மண்ணு. டெஸ்ட் பண்ற எடத்துல யாரு மண்டி போடச் சொன்னாங்கன்னு நெனச்சேன். தொவைக்கும்போதே புரிஞ்சிச்சு. கேட்டா நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயந்துகினு கேக்கல. நானும்தான் சேர்ந்து செஞ்சேன்."

மறுநாள் அவர் களம்பூர் போனார். ரைஸ்மில் களத்தில் நெல் பரப்பியிருந்தது. அமலி வெறுங்காலால் சால் கீறிக்கொண்டே நடந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும், "இன்னாண்ணா இவ்ளோ தூரம்? அக்காவுக்கு ஒடம்பு ஏதாவது?" என்று பதறினாள்.

அவர் நின்ற இடத்திலேயே சொன்னார். பையைப் பற்றி, கொட்டியதைப் பற்றி, அள்ளியதைப் பற்றி. சோடாவைப் பற்றி அதற்கு ஒரு வருஷம் முன்பே தனக்குத் தெரிந்துவிட்டதைப் பற்றியும் சொன்னார். அதை விட்டுவிட்டுச் சொல்ல வழி இருந்தது, ஆனால் விடவில்லை.

அமலி சால் கீறுவதை நிறுத்தினாள். பிறகு அவர் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"யாரு வயல்ல அள்ளினீங்க?"

"தெரியலம்மா. இந்தப் பக்கம்தான். மில்லத் தாண்டி."

"அஞ்சு வருஷம்ணா." அவள் குரல் மெதுவாகத்தான் வந்தது. "அஞ்சு வருஷமா தெனமும் என் கையப் பாத்துகினு கீறேன். இந்தக் கையாலதான் டயானாவுக்குத் தல வாரி உட்டேன். அதுக்கும் ஏதாவது ஆயிடுமோன்னு சீப்ப அவகிட்டயே குடுத்துட்டேன். அது தெரியுமா ஒங்களுக்கு?"

அவருக்குத் தெரியாது. நெல்லின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நிலத்தைச் சரி பண்ணித் தருகிறேன், செலவு என்னுடையது, உழைப்பும் என்னுடையது என்று தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"அது அப்பறம்" என்றாள் அமலி. "எங்க மாதா கோயில்ல பாவசங்கீர்த்தனம்னு, செஞ்ச பாவத்தச் சாமியார்கிட்ட கூண்டுக்குள்ள மறைவா சொல்லுவாங்க. நீங்க அப்டி சொன்னா எனக்குப் பத்தாது. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சி எல்லாரும் வெளிய வருவாங்க. என் கையப் பத்திப் பேசினவங்க அத்தினி பேரும் வருவாங்க. அங்க நின்னு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் போனார். அபிதகுசாம்பாளும் கூடவே வந்தாள். பூசை முடிந்து ஜனங்கள் படியிறங்கும்போது வேப்பமரத்தடியில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "நான் மாணிக்கவேலு. ஏரிக்கீழ சாயப்பட்டறை வெச்சிருக்கறவன்" என்று ஆரம்பித்தார். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியபோது சத்தம் எழுந்தது. ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். கிருபாகரன் என்ற பள்ளி ஆசிரியர் விலக்கிவிட்டார். ரங்கம்மாள் ஏரித் தெருவிலிருந்து விஷயம் கேள்விப்பட்டே வந்திருந்தாள். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அமலியின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அமலி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மாணிக்கவேல் பக்கம் திரும்பவும் இல்லை.

பேசியதற்கான விளைவு ஒன்றோடு நிற்கவில்லை. கால்வாயை நம்பிய மற்ற விவசாயிகள் மனுக் கொடுத்தார்கள். அவருடையதோடு சேர்த்து, பிற்பாடு அந்தச் சாலையில் வந்த இன்னும் இரண்டு பட்டறைகளும் மூடப்பட்டன. நீ ஒருத்தன் யோக்கியன் ஆவதற்கு எங்கள் அடுப்பை அணைத்துவிட்டாயே என்று தொழிலாளிகள் வீட்டு வாசலில் வந்து கேட்டார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்ய வசதி உள்ள வேறொரு பட்டறையில் நாலு பேருக்கும் வேலை பிடித்துக் கொடுத்தார். தானும் அங்கேயே கூலிக்குச் சாயம் முறுக்கப் போனார்.

கீழ் வயலில் மறுபடி குழி வெட்டி மண் எடுத்தது டயானாதான். நர்சிங் படிப்புக்கு வேலூரில் இருந்தவள் அதற்கென்றே வந்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒன்பது புள்ளி ஒன்று என்று வந்தது. களர். செய்யவேண்டியதும் தாளில் இருந்தது. மாணிக்கவேல் விடிந்ததும் வயலுக்குப் போவார், பத்து மணிக்குப் பட்டறைக்கு. வயலைச் சிறு சிறு பாத்தியாகப் பிரித்து வரப்பை உயர்த்தினார். வடிகால் வெட்டினார். ஜிப்சம் மூட்டையைத் தோளில் சுமந்து வந்து பரப்பிக் கலந்தார். பட்டறைக் கிணற்று நல்ல தண்ணீரை நாலு விரற்கடை உயரம் தேக்கி, நாலைந்து நாள் வைத்து வடித்து, மறுபடி தேக்கினார். பட்டு நூலை முறுக்கிப் பழகிய கை மண்வெட்டியில் கொப்பளித்தது. பிறகு பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழச் செய்தார். அடுத்த வருஷமும் அதே. களரை நம்பிக் கெட்டவனும் இல்லை, மணலை நம்பி வாழ்ந்தவனும் இல்லை என்று வழிப்போக்கர் ஒருவர் தைரியம் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு விஷயம் தெரியாது. மாணிக்கவேலை நல்ல விவசாயி என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாயிரத்து ஆறில் களரைத் தாங்குகிற நெல் ரகம் ஒன்றை நட்டார்கள். முதல் நாற்றை அமலி ஊன்றினாள். மாணிக்கவேல் அன்று வேண்டுமென்றே வரவில்லை. தேக்கிய நீர் மூன்றாம் நாளே தெளிந்து அடிமண் தெரிந்தது என்று அபிதகுசாம்பாள் வந்து சொன்னாள். முக்கால் வயல் விளைந்தது. முன்பு விளைந்த அளவில் பாதிதான். கால்வாய் வந்து இறங்குகிற மேற்கு மூலை மட்டும் பிடிவாதமாக வெளுத்துக் கிடந்தது. பன்னிரண்டு வருஷம் முதல் நுரையை வாங்கிக்கொண்ட இடம் அது.

அமலி மில் வேலையை விட்டுவிட்டாள். அக்கம்பக்கத்து நடவுக்கு அவளை மறுபடி கூப்பிடுகிறார்கள். மாணிக்கவேலை அவள் வீட்டுக்குள் கூப்பிட்டது கிடையாது. வயலில் பார்த்தால் வயலைப் பற்றிப் பேசுவாள். அவ்வளவுதான். அவரும் அதற்கு மேல் எதிர்பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார். ஆனாலும் அவள் நாற்றைத் தொடும்போதெல்லாம் அவர் பார்வை தானாகத் தரைக்குப் போய்விடும்.

அறுவடை முடிந்த ஒரு காலையில், மேற்கு மூலையில் அவர் குனிந்து மண்ணை இடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அமலி வரப்பில் வந்து நின்றாள்.

"இந்த மூல இந்த வருஷமும் வரல" என்றாள்.

"வரலம்மா. இன்னும் ரெண்டு மூட்ட ஜிப்சம் போட்டுப் பாக்கறேன். தழையும் கூடப் போடணும்."

"போடுங்க" என்றாள் அமலி. மேல் வயலில் வேர்க்கடலை பிடுங்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அவள் சத்தமாக ஏதோ சொல்லி அவர்களைக் கூப்பிட்டபடி ஏறிப் போனாள்.